மகளுக்கு, வெற்று சிடி வாங்கும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. ரங்கூனில் எல்லோரும் நலம். மழை பிடித்துக்கொண்டதால் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் தொல்லை.

உங்கள் பஜனைக் குழுப் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்து சிடியாகக் கொடுக்கப் போகிறீர்களாமே, மாப்பிள்ளை சொன்னார். நல்ல காரியம். பெரியவர்கள் வீட்டில் இன்னும் சிடி பிளேயர்தானே ஓடுகிறது! ஆனால் உங்கள் ஊர் மோல்மீன் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிறதென்று மொத்தமாக வாங்கிவிடாதே. இத்தனை வருஷம் கேசட்டும் சிடியும் நகல் எடுத்துப் பிழைத்தவன் சொல்கிறேன், கேள்.

பெட்டியில் இருக்கும் பெயரை நம்பாதே. ஒரு கம்பெனி பெயர் போடும், வேறொரு கம்பெனி தயாரிக்கும். அதே பெட்டி அடுத்த முறை வேறு தொழிற்சாலையிலிருந்து வரும். ஒரு காலத்தில் ஜப்பானின் தையோ யூடன் சிடி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவோம். 2015இல் அவர்கள் அந்தத் தொழிலையே நிறுத்திவிட்டார்கள். வெற்று சிடியில் பாட்டு பதிவது ஒரு சாயப் பூச்சில்தான்; வெர்பாட்டிம் கம்பெனி சிடியின் ‘அசோ’ என்ற கருநீலச் சாயமும் நன்றாக உழைத்தது. பிறகு வெர்பாட்டிமையே தைவானின் சிஎம்சி மேக்னடிக்ஸ் வாங்கிக்கொண்டது. அதனால் பழைய பெருமையை வைத்து விலை கொடுக்காதே.

யார் செய்தது என்று அறிய ஒரு வழி உண்டு. வெற்று சிடியிலேயே தயாரிப்பாளரின் குறி எண் பதிந்திருக்கும். கம்ப்யூட்டரில் இம்க்பர்ன் (ImgBurn) என்ற சிடி பதியும் மென்பொருளைப் போட்டுச் சிடியைச் செருகினால், நேரம் போன்ற வடிவில் அந்த எண்ணைக் காட்டும். 97 நிமிடம் 24 நொடி என்று தொடங்கினால் தையோ யூடன், 97:34:23 என்றால் வெர்பாட்டிமை முன்பு வைத்திருந்த மிட்சுபிஷி, 97:26:66 என்றால் சிஎம்சி. போலிகளும் இதே எண்ணைப் பதித்து வந்ததுண்டு, எண் மட்டும் போதாது. அதனால் ஒரு சின்னப் பெட்டி வாங்கிச் சோதித்துப் பார்த்த பிறகு மீதியை வாங்கு.

சிடியில் பாட்டை எழுதும் (பதியும்) முன் ஒரு சிடியை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார். ஊசி குத்தியது போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் உள்ளே இருக்கும் வெள்ளிப்பூச்சில் ஓட்டை. விளிம்பில் சாயம் திட்டுத்திட்டாக இருந்தாலும் கழித்துவிடு. பெயர் எழுதும் மேல்பக்கம்தான் மென்மையானது. வெள்ளிப்பூச்சுக்கு மேலே மெல்லிய வார்னிஷ் மட்டும்தான். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், சிடிக்கென்றே விற்கும் மென்முனை மார்க்கரால் எழுது. ஸ்டிக்கர் ஒட்டாதே. கோணலாக ஒட்டினால் சுற்றும்போது ஆடும், நம்ம ஊர் ஈரத்தில் உரியவும் செய்யும்.

80 நிமிடம், 700 எம்பி போதும். 90 நிமிடம் என்று விற்பதில் தடத்தை நெருக்கியிருப்பார்கள், பழைய பிளேயர் திணறும். ‘மியூசிக்’ என்று போட்ட சிடி, கம்ப்யூட்டர் இல்லாமல் தனியாக ஓடும் ரெக்கார்டருக்கு மட்டும் தேவை. உனக்கு எதற்குக் கூடுதல் காசு?

52 மடங்கு வேகம் என்று போட்டிருந்தாலும் 16 அல்லது 24இல் எழுது. கரண்ட் பாதியில் போனால் அந்தச் சிடி குப்பைக்குத்தான், அதனால் பேட்டரி நிறைந்த லேப்டாப்பில் செய். முடிந்ததும் கடைசிப் பாட்டை உங்கள் தெருவிலேயே பழைய பிளேயரில் போட்டுக் கேள். சிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது, கோளாறு பெரும்பாலும் விளிம்பில்தான் தலைகாட்டும்.

வெயில் படாத, ஈரமில்லாத அலமாரியில் பெட்டியோடு செங்குத்தாக நிறுத்தி வை. சில சிடிகளில் இருக்கும் சயனைன் என்ற சாயம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். அப்புறம், பாட்டின் மூலப் பதிவை ஹார்ட் டிஸ்கில் இரண்டு இடத்தில் வைத்துக்கொள். சிடி கொடுப்பதற்கு, அதையே பத்திரம் என்று நினைக்காதே.

மாப்பிள்ளை அடுத்த மாதம் ரங்கூன் வரும்போது எழுதிய சிடி ஒன்றும் வெற்று சிடி ஒன்றும் கொடுத்தனுப்பு. பழைய டெக் இன்னும் ஓடுகிறது, போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம்.

அன்புடன்,
அப்பா