மானாவாரி மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காக்கக் கோரும் மனு

அனுப்புநர்
மானாவாரி விவசாயிகள்,
விளாத்திகுளம் வட்டம்,
தூத்துக்குடி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி மாவட்டம்.

பொருள்: காட்டுப்பன்றிகளைக் கட்டுப்படுத்தும் அரசாணையை விதைப்புக்கு முன்பே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்களுடையது வானம் பார்த்த கரிசல் பூமி. புரட்டாசியில் மக்காச்சோளமும் உளுந்தும் விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் நாங்கள். 2018இல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு வந்தது. மருந்தடித்து ஒருவழியாகச் சமாளித்து வருகிறோம். பன்றிக்கு அடிக்க மருந்து கிடையாது.

விதைத்த அன்று இரவே வந்துவிடுகின்றன. விதைத்த உழவுச் சால் வழியாகவே போய், ஊன்றிய விதையை ஒவ்வொன்றாக மூக்கால் கிளறித் தின்கின்றன. காலையில் போய்ப் பார்த்தால் வரிசை பிசகாமல் குழி குழியாகக் கிடக்கும். கிணற்றுத் தண்ணீர் பாயும் இறவைத் தோட்டம் என்றால் மறுபடி விதைத்துக்கொள்ளலாம். மானாவாரியில் ஈரம் காய்ந்தால் விதைப்புப் பட்டமும் போச்சு, விதைக்குக் கொடுத்த காசும் போச்சு. தப்பி முளைத்ததற்குக் கதிர் பால் பிடிக்கும்போது அடுத்த அடி. கூட்டமாகப் புகுந்து தட்டையைச் சாய்த்து, ஒரு கதிரில் இரண்டு கடி கடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். தின்பதைவிட மிதித்துப் பாழாக்குவதே அதிகம். மண்ணில் சாய்ந்த கதிர் மழையில் பூஞ்சை பிடித்துவிட்டால் வியாபாரி கையால்கூடத் தொடமாட்டார்.

இவை காட்டிலிருந்து வருகின்றன என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எங்களுக்குப் பக்கத்தில் காடு எங்கே இருக்கிறது? குருமலைக் காடு மேற்கே வெகுதூரம். இந்தப் பன்றிகள் குடியிருப்பது வைப்பாற்றுப் படுகையிலும் கண்மாய்களிலும் ஓடைகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்ளுக்குள். பகலில் அந்த நிழலில் படுத்துக் கிடந்துவிட்டு இருட்டியதும் புன்செய்க்கு வருகின்றன. குட்டி போடுவதும் அங்கேதான். சினைக்காலம் நாலு மாதம்கூட இல்லை, ஒரே ஈற்றில் நாலைந்து குட்டிகள். அடித்துத் தின்ன இந்தப் பக்கம் வேறு விலங்கும் இல்லை.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டினோம், முடி வெட்டும் கடையிலிருந்து முடி அள்ளி வந்து தூவினோம், ஒலிபெருக்கியில் ஆள் சத்தத்தை ஓடவிட்டோம். சில நாள் மிரளும், அப்புறம் பழகிவிடும். சூரிய மின்வேலி நல்லதுதான், ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டு நிலம் வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது. திருட்டுத்தனமாக மின்கம்பி இழுத்துவிட்டு, விடியற்காலையில் வரப்பில் நடந்து வரும் மனிதனைப் பலி கொடுக்கும் வேலையை நாங்கள் யாரும் ஆதரிக்கவில்லை. வேறு வழி இல்லையென்றால் யாராவது அதைச் செய்துவிடுவார்களோ என்ற பயம்தான் எங்களுக்கு.

அரசு 2025 ஜனவரியில் நல்ல முடிவு ஒன்றை எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையின் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சுடலாம் என்பது அதன் சாரம். எங்கள் ஊர்கள் எல்லாமே மூன்றாவது வகைக்குள் வருபவை. சேதம் நடந்தபின் மனு எழுதி, அது ஒவ்வொரு மேசையாக நகர்ந்து ஆள் வருவதற்குள் பன்றி பக்கத்து ஊருக்குப் போய்விடும், கதிரும் காலியாகியிருக்கும். ஆகவே ஆணையில் சொல்லப்பட்ட கிராம அளவிலான குழுவை ஆவணி மாதத்துக்குள் அமைத்து, யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதி வைக்க உத்தரவிட வேண்டுகிறோம். ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் அதே ஜனவரியில் முடிந்ததால், குழுவில் ஊராட்சி சார்பில் இருப்பவர் யார் என்பதையும் தெளிவுபடுத்த வேண்டும். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே சுட அனுமதி தருகிறார்கள். நாங்கள் அந்த அளவுக்குப் போகவில்லை, துப்பாக்கியை எங்கள் கையில் கேட்கவும் இல்லை. பால் பிடிக்கும் கார்த்திகை, மார்கழியில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் இந்தப் பக்கம் தங்கியிருந்தால் போதும்.

சுடுவது மட்டும் தீர்வாகாது என்பதும் தெரியும். புதர் இருக்கும்வரை பன்றி இருக்கும். கண்மாய், ஓடைகளில் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றும் பணியைக் கோடையிலேயே தொடங்க வேண்டும். மேலோடு வெட்டிவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் தழைக்கும்.

இன்னொன்று. வனவிலங்குச் சேதமும் 2026 காரீப் பருவம் முதல் பயிர்க் காப்பீட்டில் சேரும் என்று ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசுதான் அறிவிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் காட்டுப்பன்றியும் நம் மாவட்டமும் இடம்பெறத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டுகிறோம். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் படம் எடுத்துக் காப்பீட்டுச் செயலியில் ஏற்ற வேண்டுமாம். எங்களில் பாதிப்பேர் வைத்திருப்பது பட்டன் போன். அதற்கு ஊருக்கு ஒருவரை நியமித்தால் உதவியாக இருக்கும்.

மயில், மான் தொல்லை தனிக்கதை. அதற்கு வேறு மனு தருகிறோம். இம்மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையை அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மானாவாரி விவசாயிகள்,
விளாத்திகுளம் வட்டம்.

இணைப்பு: கையொப்பப் பட்டியல், பயிர்ச் சேதப் படங்கள், அடங்கல் நகல்கள்.