உடல்நல விழிப்புணர்வுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இதன் பிரதி போய்ச் சேரும். சில பத்திகளை அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. இரத்த அழுத்தப் பரிசோதனை முகாம் வழக்கம்போல நடந்தது. நூலக அலமாரி பழுது பார்க்கப்பட்டது. நடைப்பயிற்சிக் குழு இன்னும் இருக்கிறது, நடப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

இந்த ஆண்டின் முக்கியப் பணி, ‘உடற்பருமனும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்’ என்ற உரைத்தொடர். இதைத் திட்டமிட்டது நான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. “நமக்கு எதற்கு இந்த வேதியியல்? நாலு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தால் போதாதா?” என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். போதாது. இந்த விஷயத்தைப் பாதி தெரிந்துகொண்டவர்களிடம்தான் மாத்திரை விற்பவர் முதலில் வருகிறார். அப்படி ஒருவர் நம்மிடமும் வந்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

உரைகளில் பேசியதன் சாரம் இது. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்கும்போது ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு சூப்பராக்சைடு போன்ற வினைமிகு மூலக்கூறுகளாக மாறிவிடும். இது எல்லார் உடம்பிலும் நடப்பதுதான். அவற்றை அடக்க உடம்பே நொதிகளை வைத்திருக்கிறது. 1969-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர்கள் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டறிந்த சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் அவற்றில் ஒன்று. அடக்கும் சக்தியைத் தாண்டி உற்பத்தி போய்விட்டால் செல்லின் கொழுப்பு, புரதம், டிஎன்ஏ எல்லாம் சேதமடையும். இந்த நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறோம். அதை ஒரு தனிக் கருத்தாக 1985-இல் வகுத்துத் தந்தவர் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ்.

உடற்பருமனுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் கிடங்கு அல்ல. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பருக்கும்போது இரத்த ஓட்டம் எல்லா இடத்துக்கும் எட்டுவதில்லை. அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து குவிகின்றன, அழற்சி தொடங்குகிறது. 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவில் என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி கூடியிருப்பதைக் காட்டினார்கள். வினைமிகு மூலக்கூறுகளை உண்டாக்கும் நொதி அது. அது கூடிய இடத்தில், இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் அடிபோநெக்டின் என்ற ஹார்மோன் ஒழுங்கு கெட்டிருந்தது. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது எலிகளின் சர்க்கரையும் இரத்தக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் மேம்பட்டன. மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் எடை, சர்க்கரை, கல்லீரல் என்று நாம் தனித்தனியாகப் பார்க்கும் தொல்லைகள் எங்கே கைகோக்கின்றன என்பது அதில் தெரிகிறது.

கணையத்தின் கதை இன்னும் மோசம். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களில் காப்பு நொதிகள் இயல்பிலேயே குறைவு. சர்க்கரை ஏற ஏற அந்தச் செல்கள் அடிபடும். அவை அடிபட அடிபட சர்க்கரை இன்னும் ஏறும்.

இதைக் கேட்டதும் எல்லாருக்கும் தோன்றுவது, “அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை போட்டுக்கொள்ளலாமே” என்பதுதான். ஆன்டிஆக்சிடன்ட் என்றால் இந்த வினைமிகு மூலக்கூறுகளை அடக்கும் பொருள்; பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, ஈ எல்லாம் அந்த வகை. இதற்கென்றே ஓர் உரை வைத்தேன். அன்று மண்டபத்தில் ஆட்களைவிட நாற்காலிகள் அதிகம். வந்தவர்களுக்குச் சொன்னது இது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது. 2009-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டவர்களுக்கு இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. மாத்திரை இல்லாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கிடைத்தது. பயிற்சியின்போது கொஞ்ச நேரம் கூடும் வினைமிகு மூலக்கூறுகளே உடம்பின் சொந்தக் காப்பை எழுப்பிவிடுகின்றன என்பது அந்த ஆய்வாளர்கள் தந்த விளக்கம். எழுப்பும் மணியை மாத்திரை அமுக்கிவிடுகிறது.

இப்போது அந்த விற்பனையாளர் விஷயம். பெயர் வேண்டாம். அவர் நம் ஆண்டுச் செலவில் பெரும்பகுதியை ஏற்பதாகச் சொன்னார். பதிலுக்கு மண்டபத்தில் தன் மாத்திரைக்கு ஒரு மேசை போட வேண்டும், நம் துண்டறிக்கையில் அதன் படம் வர வேண்டும். நான் மறுத்தேன். எங்களைக் கலக்காமல் எப்படி மறுக்கலாம் என்று சிலர் இன்னும் கேட்கிறார்கள். கலக்கத்தான் கூட்டம் போட்டேன். குறைந்தபட்ச எண்ணிக்கைகூட வரவில்லை. உரைத்தொடரில் ஒன்று சொல்லிவிட்டு வாசலில் அதற்கு நேர்மாறானதை விற்க முடியாது என்பது அன்றும் என் நிலை, இன்றும் அதுதான்.

மாத்திரைக்குப் பதிலாக இடுப்பளவு எடுக்கும் நாடா கொடுத்தோம். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது என்பது எளிய கணக்கு. எடை கூடியவர்கள் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மேம்படும். “இலவச மாத்திரை கிடைக்கும் என்று வந்தால் நாடாவை நீட்டுகிறார்” என்று ஒரு மூத்த உறுப்பினர் கேலி செய்தார். அவரும் அளந்துகொண்டார், அளவைச் சொல்லத்தான் மறுத்துவிட்டார்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், கையிருப்பு இருக்கிறது, தைரியமாகத் திட்டம் போடும் அளவுக்கு இல்லை. சந்தா பாக்கி பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து நிற்கிறது. பாக்கி வைத்தவர்களில் சிலர் செயற்குழுவிலும் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும், உரையாற்றிய மருத்துவர்களுக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கல்லீரல் கொழுப்பு பற்றியும் தூக்கக் குறைவு பற்றியும் உரைகள் வைக்கவும், இடுப்பளவை மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் எண்ணம். சந்தா வராவிட்டால் உரைகள் நடக்காது. அதே விற்பனையாளர் மறுபடி வருவார், அப்போது மறுக்க யார் இருப்பார்கள் என்று தெரியாது. செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சாவியை இன்றே ஒப்படைத்துவிடுகிறேன். யாரும் முன்வராவிட்டால், சரி, தொடர்கிறேன். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை பொருளாளர் அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்