ஒழுங்கையை அடைக்க வேண்டாம், அம்மா

ரொறன்ரோ
தை 18

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு கிழமையாகிவிட்டது. வேலை கூட என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. போனில் கதைத்திருக்கலாம்தான். ஆனால் நீங்கள் போனை எடுத்தாலே பெரியண்ணா பக்கத்தில் வந்து நிற்பார். இந்த ஒழுங்கைக் கதை அவர் நிற்கும்போது சொல்லக்கூடிய விஷயமில்லை. தங்கச்சியை வாசிக்கச் சொல்லுங்கள், மெதுவாக.

நான் சுகம். இன்று மைனஸ் 14. மாமி தந்துவிட்ட மிளகாய்த்தூள் அடிப்போத்தலுக்கு வந்துவிட்டது. கரண்டியை விட்டுவிட்டு இப்போது விரல் நுனியால் எடுத்துப் போடுகிறேன். கடையில் ஏரி மீன்தான் மலிவு. உப்பில்லாத தண்ணீரில் வளர்ந்த மீனுக்கு எவ்வளவு பழப்புளி விட்டாலும் குழம்பு குழம்பாக வராது.

மேல்வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவரைப் பற்றிச் சொன்னேனா? துறைமுகத்தில் சீனிக் கப்பல் இறக்கினவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் பனி கொட்டினாலும் மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். ஒருநாள் என்னையும் "வா" என்றார். இப்போது எல்லா ஞாயிறும் போகிறேன். ஞாயிறு வேலை என்னவாயிற்று என்று கேட்காதீர்கள், அதை நானே விட்டுவிட்டேன். ஓய்வும் வேண்டுமல்லவா?

அவர் இருக்கும் இடத்துக்குப் பெயர் சுகர் பீச். பக்கத்தில் றெட்பாத் சீனித் தொழிற்சாலை, 1959 முதல் ஓடுகிறது. முன்பு கார் நிறுத்துகிற இடமாக இருந்ததை மாற்றி, மணல் கொட்டி, ரோசாப்பூ நிறத்தில் குடைகள் நட்டு 2010 இல் திறந்திருக்கிறார்கள். கடற்கரை என்று பெயர்தான், தண்ணீரில் இறங்க முடியாது. பனிக்குள் அந்தக் குடைகளைப் பார்த்தால் கலியாண வீடு முடிந்து பந்தல் பிரிக்காமல் விட்டதுபோல இருக்கும். முதல் நாள் காற்று திரும்பியபோது தொழிற்சாலையின் சீனி மணம் அப்படியே வந்தது. பெரியம்மா வீட்டில் பனங்கட்டிக்குக் கருப்பணி காய்ச்சி ஓலைக் குட்டானில் ஊற்றுவார்களே, அந்த மணம். குட்டான் வழிக்க நானும் தங்கச்சியும் அடிபட்டது ஞாபகமா? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர்காற்று என்று கிழவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதியைத் தந்தார்.

இந்த ஊர்க்காரர் ஏரியைப் படுத்திய பாட்டை அவர்தான் சொன்னார், மிச்சத்தை நான் தேடி வாசித்தேன். பழைய கரை ஃபிரண்ட் ஸ்ட்ரீட் பக்கம் இருந்ததாம். இப்போது அங்கிருந்து ஏரிக்குப் பத்து நிமிடம் நடக்கவேண்டும். 1850களில் ரயில் வந்தது, கரையை நிரப்பித் தண்டவாளம் போட்டார்கள். 1911 இல் துறைமுகத்துக்கென்று ஓர் ஆணையம் அமைத்தார்கள். டொன் ஆறு கலக்கிற சதுப்பை மண் கொட்டித் தொழிற்சாலைக் காணியாக்கி, ஆற்றை முழங்கை மடக்கினமாதிரி ஒரு வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டார்கள். வெள்ளம் வந்தால் அது எங்கே போகும்? 1955க்கும் 1966க்கும் இடையில் நகரத்துக்கும் ஏரிக்கும் நடுவே தூண்களில் ஒரு பெருந்தெருவும் கட்டினார்கள்.

1972 இல் மத்திய அரசு காணி வாங்கி, சனத்துக்கு ஏரிக்கரை தருகிறோம் என்றது. எண்பதுகளில் பார்த்தால் கரையோரம் அடுக்குமாடிகள். சனம் கொதித்துவிட்டது. முன்னாள் மேயர் டேவிட் குரொம்பியை வைத்து 1988 இல் அரச ஆணைக்குழு போட்டார்கள். அவர் 1992 வரை ஆராய்ந்து, கரை எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அப்புறமும் இழுபறிதான். நகரசபை, மாகாணம், மத்திய அரசு, துறைமுகம், ரயில் என்று கரையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரன். பெரியமாமாவின் காணியில் ஒன்பது பேருக்குப் பங்கு இருந்து கிணறுகூட இறைக்க முடியாமல் கிடந்ததே, அந்தக் கதை. 2001 இல்தான் மூன்று அரசும் ஆளுக்கு 50 கோடி டொலர் போடுவதாகச் சொல்லி, ஒரே அமைப்பின் கையில் கொடுத்தன. இடையில் கூகிளின் சகோதரக் கம்பனி ஒன்றும் கரையில் புதுமாதிரி ஊர் கட்டுகிறேன் என்று வந்து, 2020 இல் போய்விட்டது.

அதே டொன் ஆற்றுக்கு இப்போது புது வாய் வெட்டி விட்டிருக்கிறார்கள். 2017 இல் அதற்கு ஒதுக்கியதே 125 கோடி டொலர்! போன கோடையில் அதன் கரையில் ஒரு பூங்கா திறந்தார்கள், கிழவரோடு போய்ப் பார்த்தேன். "நான் வேலை செய்த காலத்தில் இங்கே தண்ணீரைப் பார்க்கவேண்டுமென்றால் வேலிக்கு மேலால் எட்டவேண்டும்" என்றார்.

சரி, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். பெரியண்ணா கடலுக்குப் போகிற ஒழுங்கைக்குக் குறுக்கே மதில் கட்டி, வெளிநாட்டுக்காரருக்கு அறை போடப்போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒழுங்கையால்தானே ஐயாவின் ஆட்கள் வலை தூக்கிப் போனார்கள்? சந்தி ஆச்சி இன்றைக்கும் கருவாடு காயப்போட எதால் போவா? அறை போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கிணற்றடிப் பக்கம் போடட்டும். மதில் கட்டச் சின்னவன் காசு தருவான் என்று அவர் மேசனிடம் சொன்னதாகத் தங்கச்சி சொன்னாள். நான் அப்படிச் சொல்லவேயில்லை.

காணி உறுதியில் வழி வாய்க்கால் பற்றி எழுதியிருக்கும், ஐயா எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். உறுதி தகரப்பெட்டியில் உங்கள் கூறைச் சேலைக்குக் கீழே இருக்கும், திறப்பு சாமித்தட்டில். அண்ணா சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் தங்கச்சி எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பட்டும். பின்பக்கத்தையும்.

இந்த மாதக் காசு கொஞ்சம் பிந்தும். பாங்கில் ஏதோ சிக்கல், வேறொன்றுமில்லை. தங்கச்சியின் வகுப்புக் காசை மட்டும் மாமியிடம் வாங்கிக் கட்டுங்கள், மாசி நடுவில் மாமிக்கு நேரே அனுப்புகிறேன். குசினிக் கூரை ஓடுகளை மாரி தொடங்க முன்னம் மாற்றலாம், இப்போது அவசரமில்லை. மிளகாய்த்தூள் இடிக்கும்போது எனக்கும் ஒரு கிலோ சேர்த்து இடியுங்கள், சித்தப்பாவின் மருமகன் பங்குனியில் வருகிறார்.

உங்கள்
சின்னவன்