முருகேசனுக்கு: இன்டர்லேஸா, புரோகிரஸிவா?

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் மடல் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளை வரி விடாமல் படிக்கிறார்கள். உன் மகள் நம் காலத்து விளையாட்டுகளை ஆர்வத்தோடு ஆடுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்து மிகவும் மகிழ்ந்தேன்.

பிளேஸ்டேஷன் 2 விளையாட்டுப் பெட்டியைப் புதிய தட்டைத் திரையில் இணைத்ததும் எழுத்துகள் நடுங்குகின்றன, வேகமாக ஓடும் காரின் விளிம்பு பிசிறடிக்கிறது, பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் வண்டி திரும்புகிறது என்று எழுதி, இன்டர்லேஸில் வைப்பதா புரோகிரஸிவில் வைப்பதா என்று கேட்டிருக்கிறாய். திரை எது என்பதைப் பொறுத்தே இதற்கு விடை சொல்ல முடியும். தட்டைத் திரையாக இருந்தால், விளையாட்டு அனுமதிக்கும்போதெல்லாம் புரோகிரஸிவைத் தேர்ந்தெடு. உன் அப்பா வீட்டில் இருக்கும் பழைய டியூப் டிவியாக இருந்தால் இன்டர்லேஸை மாற்றவே மாற்றாதே.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். புரோகிரஸிவ் முறையில் படத்தின் எல்லா வரிகளும் ஒரே தடவையில் வரிசையாக வருகின்றன. இன்டர்லேஸ் முறையில் ஒரு முழுப்படம் ஒரே தடவையில் வருவதில்லை. முதலில் ஒற்றைப்படை வரிகள் மட்டும், அடுத்து இரட்டைப்படை வரிகள் மட்டும் என்று, அமெரிக்க, ஜப்பானிய முறையில் நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள் வருகின்றன. நம் நாட்டுத் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் அவை 50. அலைவரிசையின் அகலத்தைக் கூட்டாமலே படத்தின் மினுமினுப்பைக் குறைக்க 1930களில் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஷ்ரோட்டர், அமெரிக்காவில் ராண்டல் பல்லார்ட் ஆகிய பொறியாளர்கள் வகுத்த வழி இது. டியூப் டிவியின் படக்குழாயில் எலெக்ட்ரான் கற்றை வரி வரியாக ஓடுவதால், அரைப்படங்களை வந்த வரிசையிலேயே தீட்டிவிடுகிறது. மிச்சத்தை நம் கண் நிரப்பிக்கொள்கிறது.

தட்டைத் திரைக்கோ எல்லா வரிகளுக்கும் உரிய படம் எப்போதும் வேண்டும். ஆகவே அது இரண்டு அரைப்படங்களையும் சேர்த்து ஒன்றாக்கப் பார்க்கிறது. அசையாத காட்சியில் இதனால் தொல்லை இல்லை. காட்சி நகர்ந்தாலோ, இரண்டாவது அரைப்படம் நொடியில் 60-இல் ஒரு பங்கு பிந்தைய கணத்தைச் சேர்ந்தது என்பதால் வரிகள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போய், ஓரமெல்லாம் சீப்பின் பற்களைப் போல நீட்டிக்கொண்டு நிற்கும். இதைச் சரிக்கட்ட நினைக்கும் தொலைக்காட்சி சில அரைப்படங்களைத் தேக்கிவைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் படத்தைக் காட்டும். தேக்கும் ஒவ்வோர் அரைப்படத்துக்கும் 16.7 மில்லிநொடி போகிறது. நீ உணர்ந்த தாமதத்தில் ஒரு பகுதி அதுதான். தொலைக்காட்சியில் விளையாட்டுக்கென்று உள்ள கேம் மோடைப் போட்டால் மற்ற ஒப்பனை வேலைகள் குறையுமே ஒழிய இந்த வேலை அடியோடு நீங்காது.

இனி உன் பெட்டிக்கு வருகிறேன். பிளேஸ்டேஷன் 2-இன் அமைப்புப் பட்டியலில் விளையாட்டுகளுக்கென்று புரோகிரஸிவ் தேர்வு எதுவும் கிடையாது. அங்கே தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒவ்வொரு விளையாட்டும் தானாகத்தான் அதைத் தர வேண்டும். காட் ஆஃப் வார் அமெரிக்கப் பதிப்பில் அதன் சொந்த அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. சோல்கேலிபர் 2, டெக்கன் 4 ஆகியவற்றின் அமெரிக்கப் பதிப்புகளில் விளையாட்டு ஏறும்போதே முக்கோணப் பொத்தானையும் பெருக்கல் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தால், புரோகிரஸிவுக்கு மாறட்டுமா என்று கேட்கும். கிரான் டூரிஸ்மோ 4-இன் அமெரிக்கப் பதிப்பில் 480 வரி புரோகிரஸிவ், 1080 வரி இன்டர்லேஸ் இரண்டுமே உண்டு. 1080 என்ற பெரிய எண்ணைப் பார்த்து அதன் பக்கம் போய்விடாதே. அங்கே பெட்டி உண்மையில் வரைவது 640-க்கு 540 புள்ளிகள் கொண்ட படம்தான், அதுவும் இன்டர்லேஸாகவே வருகிறது. உன் திரைக்கு 480 புரோகிரஸிவே உகந்தது என்பது என் திடமான கருத்து.

எந்தத் தேர்வும் தராத விளையாட்டுத் தட்டுகள் (டிஸ்க்குகள்) உன்னிடம் இருக்கத்தான் செய்யும். தொடக்ககால விளையாட்டுகள் பல, 4 மெகாபைட் மட்டுமே இருந்த காட்சி நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்காக, ஒவ்வொரு முறையும் 224 வரிகளை மட்டுமே வரைந்தன. முழுப்படம் என்ற ஒன்று அவற்றில் உருவாவதே இல்லை என்பதால் அவற்றிடம் புரோகிரஸிவைக் கேட்பதில் பயனில்லை.

கம்பியும் முக்கியம். மஞ்சள் முனைக் கம்பி வழியாகப் புரோகிரஸிவ் படம் வராது. படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று முனைகள் கொண்ட காம்பொனென்ட் கம்பி வேண்டும்; பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் காம்பொனென்ட் வெளியீட்டை ஆர்ஜிபி (RGB) என்ற தேர்விலிருந்து ஒய்பிபிஆர் (YPbPr) என்ற தேர்வுக்கு மாற்றவும் வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் எச்டிஎம்ஐ மாற்றிகளில் பல, வந்த இன்டர்லேஸ் படத்தை அப்படியே தொலைக்காட்சியின் தலையில் கட்டிவிடும். கொஞ்சம் செலவு செய்யத் தயாராக இருந்தால் பழைய பெட்டிகளின் படத்தைப் புதிய திரைக்கு ஏற்ப மாற்றித் தரும் ஓஎஸ்எஸ்சி (OSSC) அல்லது ரெட்ரோடிங்க் 5எக்ஸ் என்ற கருவியை வாங்கலாம். ஓஎஸ்எஸ்சி ஒவ்வோர் அரைப்படத்தையும் வந்த உடனே வரிகளை இரட்டித்துக் காட்டிவிடுவதால் தாமதம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் படம் மேலும் கீழுமாக லேசாக அதிரும். ரெட்ரோடிங்க் அசையும் இடங்களை மட்டும் பிரித்தறிந்து சரிசெய்கிறது. வேகப் பந்தயம் ஆடும் உனக்கு முதலாவதே போதும்.

முதல் பிளேஸ்டேஷனின் தட்டுகளைப் போட்டால் ஒரு விந்தையைக் காண்பாய். அவற்றில் பெரும்பாலானவை 240 வரிகளை மட்டுமே, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வரைகின்றன. அதாவது அவை இயல்பிலேயே புரோகிரஸிவ். ஆனால் தட்டைத் திரைகள் பலவும் இதை 480 வரி இன்டர்லேஸ் என்று எண்ணி, தேவையில்லாத சேர்க்கை வேலையைத் தொடங்கிவிடும். அந்தக் காலத்து விளையாட்டுகள் சிலவற்றில் பாத்திரத்தின் நிழலை ஒரு படம் விட்டு ஒரு படம் காட்டி, பாதி ஒளி ஊடுருவுவது போலத் தோன்றச் செய்யும் வழக்கம் இருந்தது. தவறாகச் சேர்க்கும் திரையில் அந்த நிழல் கோடு கோடாகத் தெரியும், அல்லது காணாமலே போய்விடும். தட்டு பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதே.

இதனால்தான் டியூப் டிவியை விற்றுவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லச் சொல்கிறேன். இன்டர்லேஸ் தரக்குறைவானது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது பிறந்த திரையில் இந்த விளையாட்டுகள் காட்டும் வழுக்கலான ஓட்டத்தையும் உடனடித்தன்மையையும் வேறெங்கும் முழுமையாகப் பெற முடியாது. ஆனால் அந்த டிவியில் புரோகிரஸிவைத் தொடாதே. அது நொடிக்கு ஏறத்தாழ 15,700 வரிகளைத் தீட்டும்படி அமைக்கப்பட்டது. 480 புரோகிரஸிவுக்கு 31,500 வேண்டும். படம் உருண்டோடும், அல்லது ஒன்றுமே தெரியாது. ஐரோப்பியப் பதிப்புத் தட்டு 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா (நொடிக்கு எத்தனை அரைப்படங்கள்) என்று கேட்டால், டிவி ஏற்றுக்கொள்ளுமானால் 60-ஐத் தேர்ந்தெடு.

தம்பி செந்திலின் பிளேஸ்டேஷன் 3 பற்றியும் கேட்டிருந்தாய். அவனுடையது 1366-க்கு 768 புள்ளி எச்டி ரெடி திரை என்பதால் 720 புரோகிரஸிவே சரி. அந்தப் பெட்டியின் விளையாட்டுகளில் பெரும்பாலானவை 720 வரிகளுக்காகவே செய்யப்பட்டவை. அமைப்புப் பக்கத்தில் 720-ஐ நீக்கி 1080 இன்டர்லேஸை மட்டும் குறித்திருந்தால், பல விளையாட்டுகள் 480 வரிகளுக்கு இறங்கிவிடும். மங்கலாக இருக்கிறது என்று அவன் சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் அதைப் பார்க்கச் சொல்.

உன்னிடம் உள்ள தட்டுகளின் பெயர்களையும், அவை எந்த நாட்டுப் பதிப்பு என்பதையும் அடுத்த மடலில் எழுது. எவற்றில் புரோகிரஸிவ் உண்டு என்று பார்த்துக் குறித்து அனுப்புகிறேன். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
இளங்கோ