குப்பத்து அண்ணனுக்கும் உடன் நின்ற எல்லோருக்கும்

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, தை மாசி இரவுகளில் கடலாமைக் கூடுகளைத் தேடி ஆமை நடை போகிறவர்கள் சார்பில் இந்த மடல். இந்த ஜனவரியில் செத்த ஆமைகள் ஒதுங்கிக் கரை கிடந்த கோலத்தை இங்கே திரும்ப எழுத மனமில்லை. எல்லோரும் பார்த்ததுதான்.

அப்படிப்பட்ட வாரத்தில், நடை முடிந்த பிறகு ஒரு பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) கரையேறி முட்டையிட்டுப் போயிருக்கிறது. விடிந்ததும் காலை நடைக்காரர்கள் காலில் அதன் தடம் அழிந்துவிடும். தடம் போனால் கூடு கிடைப்பது அரிது. ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில், ஆமை உடம்பால் தட்டி மூடிய வட்டத்துக்குள்தான் குச்சியை மெல்ல இறக்கிப் பார்க்க முடியும். கெட்டி மணலில் குச்சி நிற்கும், முட்டைக் குழியின் மேல் பொசுக்கென்று இறங்கும். குத்துமதிப்பாகக் குத்தினால் முட்டைதான் உடையும்.

குப்பத்து அண்ணன் இரண்டு துடுப்பை நட்டு, கயிறு கட்டி, தடத்தை யாரும் மிதிக்காமல் மறித்துவிட்டார். நாய்களை விரட்டிக்கொண்டு அங்கேயே வலைக்கிழிசல் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதைவிடப் பெரிய உதவி, அவர் சொன்ன ஒரு வரி: "மூணரைக்குத்தான் தண்ணியில எறங்குச்சு."

நேரம் தெரியாவிட்டால் முட்டையைத் தொடவே கை நடுங்கும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு புரட்டினால் செத்துவிடும். அவர் சொன்னதால், வெயில் ஏறுமுன் நூற்றுச் சொச்சம் முட்டைகளையும் புரட்டாமல் எடுத்து, கூட்டின் மணலோடு, முட்டைகளைப் புதைத்துக் காக்கும் பொரிப்பகம் சேர்க்க முடிந்தது. அங்கே ஒன்றரை அடி ஆழத்தில், குடம் போல வாய் குறுகி வயிறு அகன்ற குழி. ஆமை தோண்டுவதும் அப்படித்தான்.

கடலைப் பார்த்த விளக்கை அணைத்த வீட்டுக்காரர்கள், குப்பை வண்டியைச் சுற்றி ஓட்டிய துப்புரவுப் பணியாளர்கள், நள்ளிரவில் டீ கொடுத்த அக்கா, எல்லோருக்கும் நன்றி. விளக்குகள் இன்னும் கொஞ்ச நாள் அணைந்தே இருக்கட்டும். பொரிய 45 நாளாவது ஆகும். பொரிப்பகத்துக்குத் தப்பிய கூடுகளின் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் ஊரும்.

இனி ஒவ்வொரு நடைப் பையிலும் இரண்டு முளைக்குச்சியும் பத்து மீட்டர் கயிறும் இருக்கும். குஞ்சு விடும் மாலைக்கு முதல் அழைப்பு உங்களுக்குத்தான் அண்ணே, வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.