அத்தை மகனைக் கட்டியதால் அல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் குழந்தைகளின் எலும்பு நொறுங்கும் நோயைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டாக்டர்கள் ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா’ என்று எழுதித் தருவார்களே, அதுதான். அறிகுறிகளை எல்லாம் சரியாகவே சொல்லியிருந்தீர்கள்: தூக்கினாலே முறியும் கை, நீலம் பாரித்த வெள்ளை விழி, சீக்கிரம் தேய்ந்து உடையும் பல். காரணம் என்று வந்த இடத்தில் மட்டும் ஒரே வரி. சொந்தத்தில் திருமணம் செய்வதால் வருவது என்று முடித்துவிட்டீர்கள்.

என் தங்கையின் பேத்திக்கு இந்த நோய். பிறந்த நாற்பதாம் நாள், துணி மாற்றும்போது தொடை எலும்பு முறிந்தது. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் யார் கீழே போட்டது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். தாய் கர்ப்பத்தில் கால்சியம் மாத்திரையை ஒழுங்காகப் போடவில்லை என்று உறவில் சிலர் சொன்னார்கள். இப்போது ஆறு வயதாகிறது. முறிவுகளை எண்ணுவதை விட்டுவிட்டோம். அவளுடைய தாய், அத்தை மகனைக் கட்டியவள். அந்தக் கல்யாணத்தை முடித்தே தீருவேன் என்று நின்றவர் அந்த அத்தைதான், என் தங்கையின் நாத்தனார். உங்கள் கட்டுரையைப் படித்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. “நான்தானே பிடிவாதம் பிடிச்சேன்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எலும்புக்குக் கடினம் தருவது கால்சியம்; முறியாமல் தாங்கும் இழுவையைத் தருவது கொலாஜன் என்ற புரதம். கிணற்றுத் தாம்புக் கயிறு மாதிரி மூன்று புரி சேர்த்து முறுக்கியது அது. இரண்டு புரிகளுக்கான மரபணு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, மூன்றாவது புரிக்கானது 7-இல். ஒவ்வொரு புரியிலும் ஏறக்குறைய 1,000 அமினோ அமிலங்கள். அவற்றில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருந்தே ஆக வேண்டும். அமினோ அமிலங்களில் மிகச் சிறியது அதுதான் என்பதால், முறுக்கின் நடுவில் உள்ள இடுக்கில் அதற்கு மட்டுமே இடம். ஒரே ஒரு கிளைசினுக்குப் பதிலாக வேறொன்று வந்து உட்கார்ந்தாலும் கயிறு அங்கே முறுக்கேறாது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, வகுப்பில் போட எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. 17-ஆம் குரோமோசோம் மரபணுவின் இரண்டு பிரதிகளில் (தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று) ஏதாவது ஒன்று அடியோடு வேலை செய்யாவிட்டால் கயிறு பாதிதான் கிடைக்கும். கிடைப்பது நல்ல கயிறு. நோய் லேசாக இருக்கும். அதே பிரதி வேலை செய்து, பிழையான புரியைத் திரித்துக்கொண்டே இருந்தால்? இரண்டு புரியும் நல்லதாக அமைவது நான்கில் ஒரு கயிற்றுக்குத்தான். மீதி மூன்றும் பழுது. வேலை செய்யாத மரபணுவைவிடத் தப்பாக வேலை செய்யும் மரபணு கொடியது. எங்கள் குழந்தைக்கு இந்த இரண்டாவது வகை.

இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பிழை இந்த இரண்டு கொலாஜன் மரபணுக்களில்தான். இது ஓங்கு தன்மை உடையது. நோய் வர ஒரு பிரதி கெட்டாலே போதும். நோயுள்ள தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ வரலாம். பல நேரங்களில் யாரிடமிருந்தும் வராமல், புதிதாக நேர்ந்த சடுதிமாற்றமாகவும் இருக்கும். எங்கள் குழந்தையின் பரிசோதனை முடிவும் அதைத்தான் சொன்னது. தாய், தகப்பன் இருவர் ரத்தத்திலும் அந்தப் பிழை இல்லை.

சொந்தத்தில் மணப்பதற்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. முப்பது வருடம் வகுப்பில் அதற்கு எதிராகப் பேசியவன் (தங்கை வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை என்பது வேறு கதை). இந்த நோயிலேயே ஒடுங்கு வகைகளும் உண்டு. கயிற்றைத் திரிக்கும் கைகள் என்று சொல்லத்தக்க வேறு புரதங்களின் மரபணுக்கள் அவற்றில் கெடுகின்றன. முதலாவது 2006-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வரிசையாகப் பல வந்தன. அவை வெளிப்பட இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும். ஆகவே, திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கும் நம் மாநிலத்தில் அவற்றுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் எந்த வகை என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது.

சொல்லாமல் விடவும் கூடாது. ஒடுங்கு வகை என்றால் அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத அபாயம். புதிய சடுதிமாற்றம் என்றால் அபாயம் மிகக் குறைவு. பெற்றோரில் ஒருவரின் விந்தணுவிலோ கருமுட்டையிலோ பிழை ஒளிந்திருக்கக்கூடும் என்பதால் பூஜ்யம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். எங்கள் பேத்தி வளர்ந்து சொந்தத்துக்கு வெளியே, அசலில் கட்டினாலும் அவள் பிள்ளைகளுக்கு 50 சதவீதம். உங்கள் கட்டுரையை நம்பினால் அவள் அசலில் கட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்றல்லவா நினைப்பாள்?

இன்னொரு விடுபடல். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரிய நோய்க் கொள்கையின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது, இதற்கான பிஸ்பாஸ்பொனேட் மருந்தும் இருக்கிறது. மரபணுவை அது திருத்தாது. எலும்பு கரைவதை மெதுவாக்கும். எங்கள் குழந்தைக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை அதை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். மருந்து பட்டியலில் இருப்பது தெரியாத பெற்றோருக்கு உங்கள் பக்கம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

திருத்தத்தை அதே பக்கத்தில், கண்ணில் படும்படி போடுங்கள். நாத்தனார் அம்மாவிடம் இதையெல்லாம் நானே சொல்லிப் பார்த்தேன். “நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க, பேப்பர்ல அப்படிப் போடலையே” என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர்,
நாமக்கல்.