இரண்டு பேர் வேலைக்கு ஒரு துறைமுகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுப் பணத்தில் கட்டிய துறைமுகம் தொழில் தகராறில் முடங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரைப் பார்த்தால் தெரியும். அங்குள்ள ஆறாவது முனையம் பொதுத் துறைமுக அமைப்புக்குச் சொந்தம். குத்தகைக்கு எடுத்து நடத்தியது தனியார் நிறுவனம். 2012-ல் அங்கே சண்டை வெடித்தது. குளிரூட்டும் கன்டெய்னர்களுக்கு மின் இணைப்பைச் செருகுவதும் கழற்றுவதும் எந்தத் தொழிற்சங்கத்தாரின் வேலை என்பதுதான் தகராறு. கூட்டிப் பார்த்தால் இரண்டே பேர் செய்யும் வேலை! சரக்கு இறக்கும் வேகம் குறைந்தது. 2015-ல் ஹான்ஜின், ஹபாக்-லாயிட் ஆகிய இரண்டு கப்பல் நிறுவனங்களும் விலகிக்கொண்டன. ஆற்றங்கரையில் கிரேன்கள் வெறுமனே நின்றன. தீவனப் புல் ஏற்றுமதி செய்தவர்கள் பக்கத்து மாநிலத்தின் சியாட்டில், டகோமா துறைமுகங்கள் வரை லாரியில் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

தொழிலாளர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயந்திரங்கள் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வரும் தொழில் அது. இருக்கிற வேலையை இறுகப் பிடிக்கத்தான் செய்வார்கள். ஆனால் எந்த வேலை யாருக்கு என்பதைக் குத்தகைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே தீர்த்துவைப்பது உரிமையாளரின் பொறுப்பு. நடுவர் தீர்ப்பு வரும்வரை இரு தரப்பும் வேலையை நிறுத்தக் கூடாது என்ற நிபந்தனையும் குத்தகையிலேயே இருக்க வேண்டும்.

— ஒரு வாசகர்